நாலு விசிறி விமானமும் வேன் சாவியும்

உ

புரட்டாசி 5, ஞாயிறு. அமாவாசை

காலையில் மூடாக்கு. மத்தியானம் சுள்ளென்று வெயில். ஆற்றங்கரையில் தர்ப்பணம் முடித்து அவர் வரப் பதினொன்று. படையல் போட்டுவிட்டுக் காக்கையை அரை மணி கூப்பிட்டேன். வரவில்லை. மாடிச் சுவரில் இலையை வைத்துவிட்டுத் திரும்பினால் அணில் தின்கிறது.

கொலுப்படி ஐந்து. பெட்டியிலிருந்து இறக்கிய பொம்மை 48. உடைசல் 1 (செட்டியாரம்மா பொம்மையின் கை). பசை போட்டாச்சு.

வருஷா வருஷம் படிக்கு முன்னால் பார்க்தான் கட்டுவேன். இந்த வருஷம் ஏர்போர்ட். தம்பி குமரேசன் ஆடியில் மஸ்கட்டிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன பெட்டி பீரோ மேலேயே கிடந்தது. அந்தக் காலத்துப் பயணிகள் விமானம், முன்னால் நாலு விசிறி. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடு ஒன்று அழுத்தி மாட்டி நாமே கட்டணும். அங்கே ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. "மச்சானுக்கு வண்டின்னா உசுரு, குடுக்கா" என்றான்.

அவர் பார்த்துவிட்டு, "நான் ஓட்டுறது ஸ்கூல் வேனு. எனக்கு எதுக்கு ப்ளேனு?" அப்படிச் சொன்ன மனுஷன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் காப்பி ஆறிப்போச்சு.

சரஸ்வதி பூஜைக்குள் முடிக்கணும். பத்து நாள். அம்மன் துணை.

புரட்டாசி 6, திங்கள்

சுண்டல்: கொண்டைக்கடலை. வந்தவர்கள் 9.

என் புத்தியை என்ன சொல்ல. எந்தச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் எண்ணாமல் உள்ளே வைத்துப் பழக்கம் இல்லை. எல்லாப் பாக்கெட்டையும் பிரித்து முறத்தில் கொட்டி எண்ணினேன். பெட்டியில் போட்டிருப்பது 1063. எண்ணியது 1071. மறுபடி எண்ணினேன். 1071.

தம்பிக்குப் போன்.

"எல்லாத்தையும் பிரிச்சுட்டியா? அக்கா! பாக்கெட்ல ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்குமே. ஒன்னு முடிச்சிட்டுத்தான் ரெண்டைப் பிரிக்கணும்."

"ஆடியிலேயே சொல்றதுக்கு என்னடா?"

"அதான் நம்பர் போட்டிருக்குல்ல."

நம்பரைப் பார்த்தேன். மொத்தம் எத்தனை பாக்கெட் என்று தெரிவதற்காகப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எட்டு அதிகமாக இருக்கிறதே என்றதற்கு, "தொலைஞ்சா வச்சுக்கன்னு பொடிசு பொடிசா கூடப் போடுவான்க்கா." தொலைப்போம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறான் பாருங்கள்.

கலந்தது கலந்துவிட்டது. சாயங்காலம் முழுக்கத் தரம் பிரித்தேன். வெள்ளை பெரிசு தாம்பாளத்தில். சாம்பல் கலர் சம்படத்தில். பொடிசு எல்லாம் இட்லித் தட்டுக் குழியில், குழிக்கு ஒரு ரகம். நாலு தட்டு, பதினாறு குழி, அளவெடுத்த மாதிரி.

அவர்: "நாளைக்கு இட்லியில கட்டை வரும்."

வீட்டுக் கணக்கில் கலக்கக் கூடாது. கட்டைக்குத் தனி நோட்டு. பத்தி நான்கு: வரவு, மாட்டியது, இருப்பு, காணோம்.

புரட்டாசி 7, செவ்வாய்

சுண்டல்: பச்சைப்பயறு. கொஞ்சம் குழைந்துவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "குழைஞ்சுதான் போச்சு" என்றாள்.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் எழுத்தே கிடையாது. படம்தான். எட்டாவது படித்தவளுக்கும் இன்ஜினீயருக்கும் ஒரே புத்தகம். அந்த மட்டில் திருப்தி.

பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் வர ஐந்தரை. காப்பி குடித்ததும் தரையில் உட்கார்ந்தோம். நான் படம் பார்த்துச் சொல்ல வேண்டியது, அவர் எடுத்து மாட்ட வேண்டியது.

"சாம்பல், ரெண்டு புள்ளி, தட்டை. மூணு."

"ரெண்டுதான் இருக்கு."

"மூணும் அங்கதான இருக்கு."

"எங்க?"

"உங்க கண்ணு முன்னாடி."

"கண்ணு முன்னாடின்னா எங்கடி?"

நான் எழுந்து போய் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இப்படி ஐந்து தடவை. எனக்கு இடுப்பு போச்சு. உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரணும் இவருக்கு.

மாட்டியது 94.

புரட்டாசி 8, புதன்

வேனுக்கு இடது பக்கக் கண்ணாடி மறுபடி உடைசல். சித்திரையிலிருந்து இது மூன்றாவது. கேட்டால் மாடு. போன தடவையும் மாடு. அதற்கு முன்னால் கரும்பு டிராக்டர். நம் ஊர் மாடெல்லாம் இடது பக்கமாகவே வந்து இடிக்கிறது.

'காணோம்' பத்திக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக 'கிடைத்த இடம்' என்று ஒரு கோடு இழுத்தேன். நாளைக்கு நான் சொல்வதை நம்பவில்லை என்றால் காட்டலாம்.

மாட்டியது 110. வயிறு மாதிரி ஒன்று உருவாகியிருக்கிறது. மீன் என்றாலும் நம்பலாம்.

புரட்டாசி 9, வியாழன்

தூறல். கொடியில் காய்ந்த புடவை மறுபடி நனைந்தது. சுண்டல்: மொச்சை. எண்ணெய் கம்மி, யாரும் சொல்லவில்லை.

மாட்டியது 71 மட்டும். சண்டை. நான் "வெள்ளை நீட்டு" என்றால் எது நீட்டு என்கிறார். விரலால் காட்டினால், "காட்டாதே, சொல்லு" என்கிறார். சொன்னால், "கத்தாதே" என்கிறார்.

புரட்டாசி 10, வெள்ளி

காலாண்டுப் பரீட்சை இன்றோடு முடிந்தது. இனி 20-ம் தேதி திங்கள் வரை வேன் ஓடாது.

சாயங்காலம் வடக்குத் தெரு கலியமூர்த்தி வாசலில் வந்து நின்று சத்தம். குறுவை நெல்லை ரோட்டில் காயப் போட்டிருந்தாராம். கொள்முதலில் ஈரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேறு இடம் இல்லை. நம் வேன் அதன் மேலேயே ஏறிப் போய்விட்டதாம்.

"கல்லு வச்சிருக்கேன், முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன், துடைப்பத்தை நட்டு வச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலையா?"

இவர் உள்ளேயிருந்தே, "ரோடு என்ன உங்க களமா?"

"நெல்லு போனாப் போவுதுய்யா. பக்கத்துல எங்க அக்கா நின்னு துழாவிக்கிட்டிருந்துச்சு. ஒரு சாண், ஒரே ஒரு சாண்."

நான்தான் சமாதானம் பேசி ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பினேன். இவர் பக்கம்தான் பேசினேன், ரோட்டில் காயப் போட்டால் அப்படித்தான் என்று. கலியமூர்த்தி போன பிறகு இவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. வேறு என்னவோ. கேட்கவில்லை. விளக்கேற்றும் நேரம்.

புரட்டாசி 11, சனி

தளிகை. மாவிளக்கு. நாமம் போட்டு நாலு வீட்டுக்கு எள்ளுசாதம்.

பகல் முழுக்க விமானம். ஜன்னல் வரிசை. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு.

"முடிச்சாச்சு, பாரு" என்று நீட்டினார். பத்துதான் இருந்தது. கோடியில் இரண்டும் ஓட்டை.

"பன்னெண்டு எண்ணத் தெரியாதா?"

விமானத்தைத் திருப்பி நேரே பிடித்துப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இந்த மனுஷன் தப்பை உடனே ஒத்துக்கொண்டு இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

அவர் தூங்கின நேரம் கட்டை நோட்டை எடுத்தேன். காணோம் என்று எழுதியது இதுவரை 17. கிடைத்த இடம்:

தாம்பாளத்து இடது ஓரம்
இடது முழங்கால் பக்கம்
இடது முழங்கால்
சம்படத்துக்கு இடது
இட்லித் தட்டு, இடது கோடிக் குழி (3 தடவை)
பிரிட்ஜுக்கு அடியில்
இடது முழங்கால்...

இப்படியே. பிரிட்ஜ் அடி 1, என் புடவை மடிப்பு 1. மிச்சம் 15-ம் இடது. நானே என் கையால் எழுதியது. எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை, சோம்பேறித்தனம் என்றுதான் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

கண்ணாடி மூன்று தடவையும் இடது. நெல் கிடந்ததும் ரோட்டுக்கு இடது.

சாயங்காலம் பொய் சொன்னேன். அம்மன் மன்னிக்கணும். "ஒரு வேண்டுதல், மூணாம் படிப் பிள்ளையாரையே கண்ணெடுக்காமப் பாருங்க" என்று உட்கார வைத்து, பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கட்டையை வலது பக்கமாக மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். தோள் தாண்டினதுமே, "என்ன அது கையில?" என்றார். இடது பக்கம் கொண்டுவந்தேன். தோள் தாண்டி, காது தாண்டி, கன்னம் தாண்டி. கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

"என்ன வேண்டுதல் இது?"

கற்பூரம் வாங்கணும் என்று எழுந்து போய்விட்டேன்.

வேனில் பிள்ளைகள் 19.

புரட்டாசி 12, ஞாயிறு

வேனில் ஆயாவாகப் போகிற வசந்தாவைச் சுண்டலுக்கு வா என்று கூப்பிட்டேன். கொல்லையில் வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு அழுகை.

"அண்ணன்தான் என்னை முன்னாடி சீட்ல உட்காரச் சொல்லிச்சுக்கா. பங்குனிலேருந்து. எடது பக்கம் நான்தான் பாத்துச் சொல்றேன். சைக்கிள் வருதுண்ணே, ஆடு நிக்குதுண்ணேன்னு. அன்னிக்கு ஒரு புள்ளை ஜன்னல்ல வாந்தி எடுத்துச்சு, நான் பின்னாடி போனேன். அதான் நெல்லு மேல ஏறிடுச்சு."

ஆக, அவருக்குத் தெரியும். ஆறு மாசமாகத் தெரியும்.

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"எப்படிக்கா சொல்றது? எங்க வீட்டு ஆளு மினி பஸ் ஓட்டினவரு. இப்ப அறுவடை மிஷின்ல சும்மா கூலிக்குத்தான் போறாரு. நான் வாயைத் தெறந்தா, புருஷனுக்கு வேலை புடிக்கப் பாக்குறான்னு நீங்களே சொல்வீங்க."

சொல்லியிருப்பேன். அதுதான் நிஜம்.

சுண்டல் வைத்து, தாம்பூலம், ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினேன். இன்றைக்குக் கட்டை தொடவில்லை.

புரட்டாசி 13, திங்கள்

காலையிலேயே கேட்டுவிட்டேன். தோசை திருப்பிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது என்று.

"எடது பக்கம் தெரியலை, அப்படித்தானே?"

"யாரு சொன்னா?"

"நோட்டு சொல்லுது."

"கட்டையை வச்சுக் கண் டாக்டர் ஆயிட்டியா? ஒரு பர்லாங் தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டைப் படிப்பேன். போன வருஷம் லைசென்ஸுக்கு எல்லா எழுத்தும் கடகடன்னு சொன்னேன்."

"நேரா இருக்கிறது தெரியும். பக்கத்துல?"

"இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா?"

"தஞ்சாவூர் போயிட்டு வந்துடலாம். ஒரு நாள்தானே."

"போனா நிறுத்துன்னுதான் சொல்வான். நிறுத்திட்டு? உன் இட்லித் தட்டுல கட்டை பொறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

தோசை கருகியது. இரண்டு.

சாயங்காலம் அவராகவே வந்து தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். நானும் புத்தகத்தை எடுத்தேன். வேறு வார்த்தை இல்லை, "வெள்ளை நாலு புள்ளி", "சாம்பல் சரிவு" மட்டும். எல்லாவற்றையும் சத்தமில்லாமல் அவர் வலது பக்கம் தள்ளி வைத்தேன். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இரண்டு றெக்கையும் முடிந்தது. மாட்டியது 203.

நான் தள்ளி வைத்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

புரட்டாசி 14, செவ்வாய்

வேன் கழுவியாச்சு. வாழைக்கன்று 2, மாலை 1, பூசணி 1, எலுமிச்சை 4, பொரி கடலை. சந்தனம் அரைத்தாச்சு.

விமானத்தில் விசிறி மூன்று சுற்றுகிறது. நாலாவதற்கு முன்னால் மின்சாரம் போச்சு, அவருக்குப் பொறுமையும் போச்சு. கொலுவில் வைத்துவிட்டேன்.

ச. அக்கா: "ஒரு விசிறி எங்கடி?"

"ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது அக்கா."

"நிக்கும்போதே தெரியலையே. இது எங்க போற ப்ளேனு?"

"மஸ்கட்."

"மூணு விசிறியில நாகப்பட்டினம் தாண்டாது."

நாளைக்கு எழுத்து வேலை இல்லை. இந்த நோட்டும் பூஜைக்குப் போகிறது.

புரட்டாசி 16, வியாழன். விஜயதசமி

(கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். நோட்டு பூஜையில் இருக்கிறது. மறுபூஜை ஆகாமல் எழுதக் கூடாது, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.)

நேற்று பூஜை நன்றாக நடந்தது. வேனுக்குச் சந்தனம், குங்குமம். எலுமிச்சை நசுக்கினார். பூசணி உடைத்தார். பலகையில் வைத்தவை: வீட்டுக் கணக்கு, கட்டை நோட்டு, இந்த நோட்டு, விமானப் புத்தகம், சுத்தி, ஸ்பேனர், அரிவாள்மணை, வேன் சாவி. பீரோவிலிருந்து இன்னொரு சாவியையும் எடுத்து விமானப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

இன்று காலை மறுபூஜை செய்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கணும். செய்யவில்லை. விளக்கை மட்டும் அணையாமல் பார்த்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வந்தார். "சாவியை எடுத்துக் குடு. டீசல் போட்டு வைக்கணும்."

"மறுபூஜை ஆகலை."

"எப்ப ஆகும்?"

"தஞ்சாவூர் போயிட்டு வந்த பிறகு."

"சாமியை வச்சு மிரட்டுறியா?"

"ஆமாம்."

"ஸ்பேர் சாவி இருக்குன்னு மறந்துட்டியா?"

"அதுவும் அங்கதான் இருக்கு."

பூஜை அறை வாசலில் போய் நின்றார். பலகை நாலடி தூரம். கையை நீட்டினால் போச்சு. நான் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகாமல் தொட மாட்டார், அது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையின் கழுத்தில்தான் கை வைத்திருக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ச. அக்கா எட்டிப் பார்த்து, "இன்னும் எடுக்கலையா? ஐயையோ, ஏன்டி?" மனசு சரியில்லை என்றேன். "அதுக்கும் பூஜைக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள். நியாயமான கேள்வி.

தாயே, பூஜையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். பொய் சொல்லியிருக்கிறேன். பாவம் எதுவானாலும் என் பேரில் எழுதிக்கொள். அவர் பேரிலோ அந்தப் பிள்ளைகள் பேரிலோ வேண்டாம்.

புரட்டாசி 17, வெள்ளி

(இன்னொரு தாள்.)

நேற்றுச் சாயங்காலம் வந்தார். கைகால் கழுவிவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்தார். நான் ரசத்துக்குக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆவணியில ஒரு நாள்" என்று ஆரம்பித்தார். "அந்தச் செருகுடியில ஏறுற சின்னப் பொண்ணு. யுகேஜி. இறங்கினது முன்னாடி சுத்தி எடது பக்கமா வந்து நின்னுருக்கு, தண்ணி பாட்டிலைக் கீழ போட்டுட்டு. நான் கியர் போட்டுட்டேன். வசந்தா கத்தினா. எனக்குத் தெரியவே இல்லை. அங்க ஒன்னுமே இல்லை எனக்கு. இருட்டுகூட இல்லை. ஒன்னுமே இல்லை."

புளித்தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றேன். ஆவணியிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடாததற்கு வெயில் என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

"அப்புறமும் ஓட்டினீங்களே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். கோபம் அடங்கவில்லை, இப்போதும் அடங்கவில்லை.

"ஆமா" என்றார். "ஓட்டினேன்."

இன்று காலை ஆறரை பஸ்ஸில் தஞ்சாவூர். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, டிரைவர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இவர் காலும் தரையை அழுத்துகிறது. "செகண்ட்ல போடுடா" என்று முணுமுணுப்பு. பஸ்ஸை விட்டு இறங்குகிற வரைக்கும் ஓயவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம். சொட்டு விட்டார்கள். கண்ணில் காற்று அடித்து அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். பொத்தான் சத்தம் கேட்கும், கேட்கும், பிறகு ரொம்ப நேரம் கேட்காது.

டாக்டர் சின்னப் பொண்ணு. தாளைக் காட்டினார். இடது கண்ணுக்குப் போட்ட வட்டம் முக்கால்வாசி கறுப்பு. வலதில் மூக்குப் பக்கம் மட்டும் கறுப்பு.

"கண் அழுத்தம் ஐயா. வலி இருக்காது, அதான் தெரியாமலே போகும். போனது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைச் சொட்டு மருந்துல காப்பாத்தலாம். ஒரு வேளைகூட விடக் கூடாது."

அவரேதான் கேட்டார். "வண்டி ஓட்டலாமாம்மா?"

"என்ன வண்டி?"

"வேனு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்களே சொல்லுங்க ஐயா."

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் டிரைவரை ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசி 18, சனி

அதிகாலையில் தலைக்குக் குளித்து மறுபூஜை. சுண்டல், தயிர்சாதம், நைவேத்தியம். கொலுவில் கலசத்தை நகர்த்தினேன். இரண்டு நாள் தாமதத்துக்கு அபராதமாக அம்மன் கோயிலில் ஐம்பத்தொரு விளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டேன்.

நோட்டு கைக்கு வந்தது. காலண்டர் தாள் இரண்டையும் உள்ளே ஒட்டியாச்சு.

சாவியை அவர் எடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே போகவில்லை, வாசலில் வேனுக்குள் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், ஒரு மணி நேரம். மாலை வாடிப்போயிருந்தது, அதைக் கழற்றினார். பிறகு ஸ்டார்ட் பண்ணாமலே இறங்கி வந்தார்.

"வசந்தா வீட்டுக்காரனுக்கு டிரைவர் பேட்ஜ் இருக்கில்ல?"

"இருக்காம்."

"கூப்பிடு. ஒரு மாசத்துக்குத்தான். மருந்து வேலை செய்யுதான்னு பார்ப்போம்."

டாக்டர் சொன்னது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

புரட்டாசி 19, ஞாயிறு

நல்ல மழை. வாசல் கோலம் போட்ட கால் மணியில் காலி.

சொட்டு மருந்து வேளைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. திறங்க என்றால் மூடுகிறார். "திறந்துதான் இருக்கு" என்கிறார். நேற்று ஒரு சொட்டு மூக்கில், ஒன்று மீசையில். பாட்டில் மாசம் முழுக்க வரணும்.

வசந்தாவும் அவள் வீட்டுக்காரன் செல்வமும் வந்தார்கள். செல்வத்துக்குப் பேச்சு கம்மி. இவர் அவனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூறலிலேயே முழு ரூட்டும் போய்வந்தார். திரும்பி வந்து, "கிளட்ச்சை மிதிச்சே கொல்றான்" என்றார். இரண்டு மணி நேரம் விடாமல் குறை. செல்வம் போன பிறகு, "பிரேக் நல்லா பிடிக்கிறான்" என்றார்.

கலியமூர்த்தி வீட்டுக்கும் போனார். தனியாக. என்ன பேசினார் என்று சொல்லவில்லை. வரும்போது கையில் ஒரு சீப்பு பூவன் பழம்.

கட்டை நோட்டு: வரவு 1071. மாட்டியது 1022. இருப்பு 49. காணோம் 0. நாலாவது விசிறி அவர் கேட்டால்தான் எடுப்பேன்.

புரட்டாசி 20, திங்கள்

மழை விட்டு வெளுத்த வானம். பள்ளிக்கூடம் திறப்பு.

ஆறு மணிக்குச் சொட்டு. முதல் சொட்டே உள்ளே.

ஆறே முக்காலுக்குச் செல்வம் வந்தான். சாவியை அவர் கையால் கொடுத்தார். கொடுக்கும்போது இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டார். நம் தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஏறினார்கள். பின் ஜன்னலிலிருந்து ஒரு வாண்டு, "மாமா, நீங்க ஏறலையா?"

"இல்லடா."

"காய்ச்சலா?"

"இல்ல."

"எப்ப வருவீங்க?"

ஒரு மாசம் என்பார் என்று பார்த்தேன்.

"இனிமே இந்த மாமாதான்" என்றார்.

வேனைச் சுற்றி வந்தார். முன்பக்கம், பிறகு இடது பக்கம் முழுக்கத் தகரத்தைக் கையால் தடவிக்கொண்டே, குனிந்து சக்கரத்துக்குக் கீழே பார்த்து. கதவை அவரே சாத்தினார். இரண்டு தட்டு தட்டினார். முன் சீட்டில் வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வேன் தெரு முனை திரும்பியது. நின்றார். திரும்பி அஞ்சு நிமிஷம் ஆச்சு, இன்னும் நிற்கிறார்.

"காப்பி ஆறிப்போச்சு, உள்ள வாங்க."

"சும்மா இரு. மதகு வளைவுல ரெண்டு ஹாரன் அடிக்கணும்னு சொல்லியிருக்கேன். இன்னும் கேக்கலை."

நானும் துடைப்பத்தோடு நின்றேன்.

கேட்டது. இரண்டு.